தொலைஞ்ச கதைக்கும் ஒரு நம்பர் இருக்கு: ஸ்டித் தாம்சன் பட்டியல், யூசர் ரிவ்யூ

ரிவ்யூன்னாலே ஹெட்போன், போன், வாஷிங் மெஷின்னு தான் எல்லாரும் எழுதுறாங்க. நான் எழுதப் போறது நாட்டுப்புறக் கதைகள துண்டு துண்டா பிரிச்சு நம்பர் போட்ட ஆறு வால்யூம் பட்டியல் ஒண்ணப் பத்தி, அதுவும் 1955ல இருந்து 1958க்குள்ள வந்த ரிவைஸ்டு எடிஷன். சிரிச்சுட்டு ஸ்க்ரால் பண்ணிடாதீங்க. சின்ன வயசுல படிச்ச ஏதோ ஒரு கதை, பேரு தெரியாம மண்டைக்குள்ள குடைஞ்சுகிட்டே இருக்குன்னா இது உங்களுக்குத் தான்.

எனக்கு குடைஞ்சது என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். அட்டை இல்லாத புக்கு. முன்னாடி நாலஞ்சு பக்கமும் போயிருச்சு, அதனால புக்கு பேரும் தெரியாது கதை பேரும் தெரியாது எழுதினவர் யாருன்னும் தெரியாது. மனசுல மிச்சம் இருக்குறது மூணே மூணு துண்டு. ஒரு வைத்தியர், நோயாளி பக்கத்துல எமன் நிக்கிறது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். எமன் நிக்கிற பக்கம் சரியில்லன்னா கட்டில அப்படியே ஆளோட சேத்து திருப்பிப் போட்டுடுவாரு, எமன் ஏமாந்து நிப்பான். மூணாவது தான் என்ன இத்தன வருஷம் விடாம புடிச்சு வச்சிருந்தது: பூமிக்கு அடியில ஒரு குகை, உள்ள பூரா அகல் விளக்கு, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் வரிசை வரிசையா, ஒவ்வொண்ணும் ஒரு ஆளோட உசுரு, எமன் வைத்தியர உள்ள கூட்டிட்டுப் போய் எண்ணெய் வத்திப் போய் கருகிட்டு இருக்குற ஒரு விளக்க காட்டி "இது தான் உன்னோடது"ங்குறான். அவ்ளோ தான், கதை முடிஞ்சுது. அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. கடைசி பக்கமும் கிழிஞ்சிருக்கும்னு தான் இத்தன நாளும் நெனச்சுட்டு இருந்தேன்.

அந்தப் பக்கத்துல ஒரு படம் இருந்துச்சு, எமன் கையில பாசக்கயிறு, பின்னாடி விளக்கு வரிசை. இது நல்லா ஞாபகம் இருக்கு. இத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

அக்காகிட்ட மெசேஜ் போட்டு கேட்டேன். "ஆமா ஏதோ விளக்குக் கதை, கிழிஞ்ச புக்கு, பேரு தெரியலடா, மீட்டிங்ல இருக்கேன்"னு ஒரு வரி வந்துச்சு. சரின்னு நானே தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல எல்லாரும் செய்யுறது தான், தேடுபொறில போட்டேன். எமன், வைத்தியர், விளக்கு, குகை, கதை. வந்தது பூரா ஆன்மீகம், விளக்கு ஏத்துற முறை, எந்த திசைல வச்சா நல்லது. இங்கிலீஷ்ல மாத்திப் போட்டேன், குகைல விளக்குன்னதும் நேரா அலாவுதீன் வந்து நின்னுட்டான். தேடுபொறி மேல தப்பு சொல்ல மாட்டேன், நாம குடுக்குற வார்த்தைய அது தேடுது, அவ்ளோ தான் அதோட வேலை. ஆனா நமக்கு ஞாபகம் இருக்குறது வார்த்தை இல்லையே, படம். படத்த வார்த்தையா மாத்தும்போதே பாதி தொலைஞ்சிடுது.

அடுத்து ஏஐ சாட்பாட். எதுன்னு சொல்லல, நீங்க யூஸ் பண்றதும் அதுவாத் தான் இருக்கும். கேட்ட உடனே ஒரு கதை பேரு, எழுதினவர் பேரு, வந்த வருஷம், கூடவே "மனதைத் தொடும் படைப்பு"ன்னு ஒரு சர்டிபிகேட். எனக்கு கை நடுங்குச்சு உண்மையாவே. ஒரு மணி நேரம் தேடினேன், அப்படி ஒரு கதையும் இல்ல, அந்த ஆளு அப்படி ஒண்ணு எழுதினதாவும் எங்கயும் இல்ல. திரும்பப் போய் கேட்டா ரொம்ப மரியாதையா மன்னிப்பு கேட்டுட்டு வேற ஒரு பேரு குடுத்துச்சு, அதுவும் இல்லாத புக்கு. மூணாவது தடவையும் அதே கூத்து. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல அதுக்கு வாய் வரல. (கடைசில கதை கிடைச்ச பிறகு, சும்மா பாப்போம்னு விளக்குக்கு பதிலா மெழுகுவத்தின்னு மாத்தி கேட்டேன், டக்குன்னு சரியா சொல்லிடுச்சு. அந்த ஒரு வார்த்தை தான் வித்தியாசம். ஆனா அது மெழுகுவத்தின்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் ஏன் இப்படி அலையப் போறேன்?)

அப்புறம் மறந்து போன புக்க கண்டுபிடிச்சுத் தர்றதுக்குன்னே சில பேரு இருக்காங்கல்ல, அங்க போய் எழுதிப் போட்டேன். முகம் தெரியாத ஒருத்தர் பதில் கேள்வி கேட்டாரு: நீ படிச்சப்ப அந்த புக்கு புதுசா பழசா, கதைல மனுஷங்களுக்குப் பேரு இருந்துச்சா இல்ல ராஜா, வைத்தியர்னு மட்டும் தானா, ஊருக்குப் பேரு இருந்துச்சா. யோசிச்சுப் பாத்தா ஒருத்தருக்கும் பேரு இல்ல. "அப்ப இது யாரோ உக்காந்து எழுதின கதையா இருக்காது, நாட்டுப்புறக் கதையா இருக்கும், மோட்டிஃப் இண்டெக்ஸ்ல பாரு"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. இந்த ஒரு கேள்வி எனக்கு அது வரைக்கும் தோணவே இல்ல. கதைல ஆளுக்குப் பேரு இருந்துச்சாங்குறது தான் முதல் கேள்வியா இருக்கணும், அதுக்குத் தகுந்த மாதிரி தான் எங்க தேடணும்னே முடிவாகுது.

சரி, இப்ப பொருளுக்கு வருவோம். மோட்டிஃப் இண்டெக்ஸ்னா இந்தப் பட்டியல் தான், மோட்டிஃப்னா கதைக்குள்ள வர்ற ஒரு சின்ன துண்டு.

ஸ்டித் தாம்சன்னு ஒருத்தர், அமெரிக்கால இந்தியானா யுனிவர்சிட்டில நாட்டுப்புறவியல் சொல்லிக் குடுத்தவரு. 1932ல இருந்து 1936க்குள்ள முதல் எடிஷன் போட்டாரு, நான் மேல சொன்ன 1955 எடிஷன் அதோட பெருசாக்கின வடிவம். அவர் செஞ்சது என்னன்னா கதைகள கதையா அடுக்கல. ஒவ்வொரு கதைக்குள்ளயும் இருக்குற சின்னச் சின்ன சமாச்சாரத்த உருவி எடுத்து அதுக்குத் தனித்தனியா நம்பர் குடுத்தாரு. பழைய வண்டிய பிரிச்சு பார்ட்டு பார்ட்டா ரேக்குல அடுக்கி வைக்கிற மாதிரி, எந்த வண்டிலேர்ந்து வந்துச்சுங்குறது பக்கத்துல சின்னதா எழுதி இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு இங்கிலீஷ் எழுத்து. ஏ எழுத்து உலகம் உண்டானது மாதிரி புராண சமாச்சாரம், பி மிருகங்க, சி செய்யாதன்னு சொன்னத செய்யுறது, டி மந்திரம், ஈ செத்தவங்க, உசுரு, ஆவி, ஜே புத்திசாலியும் முட்டாளும், கே ஏமாத்து வேலை, இப்படியே இசட் வரைக்கும். நடுவுல ஐ, ஓ, ஒய் மட்டும் கிடையாது, நம்பரோட சேந்து குழப்பும்னு விட்டிருப்பாங்களோ என்னமோ. ஆறாவது வால்யூம் முழுக்க அகரவரிசை, அதாவது என்ன வார்த்தைக்கு எந்த நம்பர்னு பாக்குறதுக்கு. புத்தகமா இருக்குற லைப்ரரி கம்மி தான், ஆனா இதோட முழு டெக்ஸ்ட்டும் நெட்ல ஓடிட்டு இருக்கு, நான் யூஸ் பண்ணது அது தான், கண்ட்ரோல் எஃப் அடிச்சு.

முதல் அனுபவம் கேவலம். விளக்குன்னு தேடினா இங்கயும் தேய்ச்சா பூதம் வர்ற விளக்கு தான். அப்புறம் தான் பல்பு எரிஞ்சுது, நான் பொருள தேடிட்டு இருக்கேன், இவரு அடுக்கி வச்சிருக்குறது என்ன நடக்குதுங்குறத. சரின்னு உசுரு வேற ஒண்ணோட கட்டிப் போட்டு இருக்குறதுன்னு யோசிச்சு ஈ பக்கம் போனேன். 710ல உடம்புக்கு வெளிய உசுர வச்சிருக்குறவங்க. ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டி கிளிக்குள்ள உசுர ஒளிச்சு வச்சிருக்குற ராட்சசன் இருக்கான்ல, அவன் ஈ715.1ல உக்காந்திருக்கான், பறவைக்குள்ள உசுரு. பழைய சொந்தக்காரன வழில பாத்த மாதிரி இருந்துச்சு. இன்னும் கீழ போனா 765ல எதாவது ஒரு பொருளோட கட்டின உசுரு. ஈ765.1 வெளிச்சத்தோட கட்டின உசுரு. ஈ765.1.1 மெழுகுவத்தியோட. அதுக்குக் கீழ ஈ765.1.3, பாதாளத்துல எரியுற உயிர் விளக்குகள், ஒண்ணு அணைஞ்சா ஒரு ஆளு காலி.

ராத்திரி ஒன்றரை மணி. சேர்லேர்ந்து எந்திரிச்சு ஒரு ரவுண்டு நடந்துட்டு வந்து உக்காந்தேன். நான் கண்ட கனவு இல்ல இது, யாரோ ஒருத்தர் நான் பிறக்குறதுக்கு எவ்வளவோ முன்னாடி என் குகைக்கு நம்பர் போட்டு வச்சிருக்காரு.

அடுத்து கட்டில். இது ஏமாத்து வேலை தானே, கேல போய் பாத்தா கே557, கட்டில நகத்தி மரணத்த ஏமாத்துறது. அதுக்கு கொஞ்சம் மேல கே551.1ல, சாகுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பிரார்த்தனை பண்ணிக்குறேன்னு டைம் வாங்கிட்டு பிரார்த்தனைய முடிக்காமலே இருக்குறது. நம்ம ஆஃபீஸ்ல சில பேரு இருக்காங்க இந்த கேட்டகரில. மூணாவது துண்டும் கிடைச்சுது, டி1825.3.1, கட்டிலோட தலைமாட்டுலயோ கால்மாட்டுலயோ மரணம் நிக்கிறத பாக்குற சக்தி, அத வச்சு நோயாளி பிழைப்பானா மாட்டானான்னு சொல்றது. அப்படியே எழுதி இருக்கு, தலைமாடு கால்மாடு வரைக்கும்.

மூணு நம்பர் கையில வந்ததும் வேலை சுலபம். ஏன்னா இந்த பட்டியலுக்கு அண்ணன் மாதிரி இன்னொண்ணு இருக்கு, அது முழு கதைங்களுக்கு நம்பர் போட்டது. ஆண்டி ஆர்னேன்னு பின்லாந்துக்காரர் 1910ல ஆரம்பிச்சாரு, நம்ம தாம்சன் 1928லயும் 1961லயும் அத பெருசாக்கினாரு, 2004ல ஹான்ஸ் யோர்க் ஊத்தர்ங்குற ஜெர்மன்காரர் மூணு வால்யூமா திருத்தி எழுதினாரு. மூணு பேரு இனிஷியலயும் சேத்து ஏடியூன்னு சொல்றாங்க. மோட்டிஃப் பக்கத்துலயே எந்த டைப்புன்னு, அதாவது எந்த முழு கதைன்னு, பல இடத்துல குறிப்பு இருக்கும், என்னுது 332. பேரு "காட்ஃபாதர் டெத்". ஞானத்தகப்பன் மரணம்னு வச்சுக்கலாம் (ஞானத்தகப்பன்னா கிறிஸ்தவங்க ஞானஸ்நானத்துல குழந்தைக்குப் பொறுப்பேத்துக்குறவரு). ஜெர்மனில நாட்டுப்புறக் கதைகள சேகரிச்ச கிரிம் சகோதரர்கள் தொகுப்புல 44வது கதை.

டைப் நம்பர் கிடைச்சா அடுத்து போக வேண்டிய இடம் பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டில பேராசிரியரா இருந்த டி. எல். ஆஷ்லிமன் போட்டு வச்சிருக்குற ஃபோக்டெக்ஸ்ட்ஸ். பாக்க 1990கள்ல தூங்கி இப்ப எந்திரிச்ச மாதிரி இருக்கும், படம் அதிகம் இல்ல, விளம்பரம் இல்ல, குக்கி கேக்காது, அகரவரிசைல கதை மட்டும், ஒரே டைப்புக்கு நாலஞ்சு நாட்டு வடிவம் ஒரே பக்கத்துல கீழ கீழ. இத விட நல்ல டிசைன் நான் இந்த வருஷம் வேற எங்கயும் பாக்கல, சீரியஸாத் தான் சொல்றேன்.

கதைய படிச்சேன். படிக்க படிக்க ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா முதல் பாதி எனக்கு சுத்தமா ஞாபகமே இல்ல. ஒரு ஏழைக்கு ஏற்கனவே 12 பிள்ளைங்க, பதிமூணாவது பொறக்குது, ஞானத்தகப்பனா இருக்க ஆள் தேடி ரோட்டுக்கு வர்றான். முதல்ல கடவுளே வந்து நான் இருக்கேன்ங்குறாரு, நீ பணக்காரனுக்குக் குடுத்துட்டு ஏழைய பட்டினி போடுறவன், வேண்டாம்னு சொல்லிடுறான். அடுத்து சாத்தான், நீ ஏமாத்துக்காரன் போ. மூணாவது மரணம் வருது, நீ தான்யா கரெக்ட்டு, ஏழை பணக்காரன்னு பாக்காம எல்லாரையும் ஒரே மாதிரி தூக்குறவன்னு அதையே ஞானத்தகப்பனா வச்சுக்குறான். அந்தப் பையன் தான் வளந்து வைத்தியர் ஆகுறான், மரணம் ஒரு மூலிகைய காட்டிக் குடுக்குது, நான் தலைமாட்டுல நின்னா மருந்து குடு பிழைச்சுக்குவான், கால்மாட்டுல நின்னா அவன் எனக்கு, கைய வைக்காதன்னு கண்டிஷன். (சில நாட்டு வடிவத்துல தலைமாடு கால்மாடு அப்படியே மாறி இருக்கு.) ராஜாவ ஒரு தடவ தலைமாடு கால்மாடு மாத்தி திருப்பிப் போடுறான், மரணம் விரல ஆட்டி எச்சரிச்சுட்டு விட்டுடுது. அப்புறம் ராஜா பொண்ணு, அங்கயும் திருப்புறான். அதோட குகை.

கதைக்குப் பேரே ஞானத்தகப்பன்ல இருந்து தான் வருது, நான் மறந்தது சரியா அந்த பாகத்த! பேர வச்சு தேடுற எந்த வழிலயும் நான் இந்தக் கதைய கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். மூணு துண்டு, அதுவும் நடுவுலேர்ந்தும் கடைசிலேர்ந்தும் உடைஞ்ச துண்டு, அத வச்சு ஒரு பட்டியல் என்ன கைய புடிச்சு வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டுச்சு. அஞ்சு ஸ்டாரும் இதுக்குத் தான்னு அந்த ராத்திரி முடிவு பண்ணேன், அப்புறம் கொஞ்சம் குறைச்சேன், சொல்றேன்.

சரி, அகல் விளக்கு? கிடையாது. கிரிம் கதைல மெழுகுவத்தி. பெருசு குழந்தைங்களோடது, நடுத்தரம் குடும்பஸ்தங்களோடது, குட்டையானது வயசானவங்களோடது, ஆனா சில குழந்தைங்களுக்கும் குட்டையா தான் இருக்கும்னு ஒரு வரி வருது, அந்த வரில வயிறு கலங்கிடுச்சு எனக்கு. எண்ணெய் கிடையாது. பாசக்கயிறும் கிடையாது. எமனே கிடையாது, ஜெர்மன்ல மரணம் ஒரு ஆம்பள, செக் நாட்டு வடிவத்துல அதே மரணம் ஞானத்தாய், பொம்பள, ஏன்னா அந்த மொழில மரணம்ங்குற வார்த்தை பெண்பால். நம்ம மொழில சாவு அஃறிணை, அதனால கதை சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமேன்னு எமன கூப்பிட்டுருப்பாங்க, எமன் வந்தா கயிறோட தானே வருவான்.

இத தமிழாக்கினவர் மாத்தினாரா நான் மாத்தினேனாங்குறது தான் தெரியல. ரெண்டாவதுக்கு தான் வாய்ப்பு அதிகம்னு தோணுது. ஃப்ரெட்ரிக் பார்ட்லெட்னு கேம்பிரிட்ஜ்ல ஒரு உளவியல்காரர், 1932ல ஞாபகசக்தி பத்தி ஒரு புக்கு போட்டாரு, தாம்சனோட முதல் வால்யூம் வந்த அதே வருஷம். அவர் ஒரு வட அமெரிக்கப் பழங்குடிக் கதைய இங்கிலாந்துக்காரங்களுக்குப் படிக்கக் குடுத்து, நாள் கழிச்சு நாள் கழிச்சு திருப்பிச் சொல்லச் சொன்னாரு. அவங்க சொல்லச் சொல்ல கதைல இருந்த கேனோங்குற துடுப்புப் படகு சாதா படகா மாறிடுச்சு, சீல்ங்குற கடல்நாய் வேட்டை மீன் பிடிக்கிறதா மாறிடுச்சு, புரியாத இடம் எல்லாம் கழண்டு விழுந்துச்சு. யாரும் பொய் சொல்லல, அவங்க வீட்டுல இருக்குற சாமான வச்சு ஓட்டைய அடைச்சுக்கிட்டாங்க. நான் அகல் விளக்க வச்சு அடைச்சிருக்கேன். அதனால யூஸ் பண்ணப் போறவங்களுக்கு ஒரே ஒரு டிப்ஸ்: உங்க ஞாபகத்துல எது ரொம்ப பழக்கமான பொருளா இருக்கோ அத முதல்ல தூக்கிப் போடுங்க, எது வினோதமா ஒட்டாம இருக்கோ அத வச்சு தேடுங்க. தலை கால் திருப்பி எமன ஏமாத்துறது மாறவே இல்ல பாருங்க, அத மாத்துறதுக்கு என்கிட்ட சாமான் இல்ல.

ஒரு கதைல வேலை செஞ்சா மட்டும் போதுமான்னு இன்னொண்ணையும் போட்டுப் பாத்தேன். ராஜாவுக்கு கழுதக் காது, முடி வெட்டுறவருக்கு மட்டும் தெரியும், ரகசியம் தாங்காம குழி தோண்டி அதுக்குள்ள சொல்லிட்டு வருவாரு, அங்க முளைச்ச செடி ஊரு பூரா சொல்லிடும். எஃப்511.2.2, கழுதக் காது உள்ள ஆளு. அங்கேர்ந்து டைப் 782. அஞ்சு நிமிஷம் கூட ஆகல. அந்த தைரியத்துல மூணாவதா ஒண்ணு: ரோபோ ஒண்ணு ஸ்கூலுக்கு வந்து பரீட்சை எழுதுற கதை, ஏதோ வாரப்பத்திரிகைல படிச்சது. ஜீரோ. ஜீரோ தான் வரும், ஏன்னா ஒருத்தர் உக்காந்து சொந்தமா எழுதின நவீன கதைக்கெல்லாம் இந்த பட்டியல் இல்ல. காமிக்ஸ், துப்பறியும் கதை, ஸ்கூல் கதைன்னா இந்தப் பக்கமே வராதீங்க, நேரம் வேஸ்ட்.

குறைன்னு பாத்தா நிறைய இருக்கு. இங்கிலீஷ் தெரியாம ஒண்ணும் பண்ண முடியாது, அதுவும் அந்தக் காலத்து இங்கிலீஷ். ஐரோப்பா கதைக்கு கொட்டிக் கிடக்கும், மத்த கண்டத்துக்கு எல்லாம் அந்த அளவுக்கு இருக்காது. ஆலன் டண்டஸ்ங்குற நாட்டுப்புறவியல் பேராசிரியர் 1997ல இந்த ரெண்டு பட்டியலையும் பத்தி விமர்சனமே எழுதி இருக்காரு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிட்டு கிடக்குதுன்னும், தாம்சன் ஆபாசம்னு நெனச்சத சேக்காம விட்டுட்டாருன்னும். உண்மை தான், எக்ஸ் பிரிவுல 700லேர்ந்து அந்த மாதிரி ஜோக்குக்கு நம்பர ஒதுக்கி வச்சுட்டு உள்ள கிட்டத்தட்ட ஒண்ணும் போடாம போயிட்டாரு, சபைல பாதி கதைய சொல்லிட்டு மீதிய தொண்டைய செருமி முழுங்குற பெரியவர் மாதிரி. இன்னொரு ஆபத்து, இதுல நுழைஞ்சா வெளிய வர முடியாது. ஒரு நம்பர் பாக்க போய் பக்கத்து நம்பர பாத்து, அங்கேர்ந்து இன்னொண்ணு, மணி மூணு ஆயிடும், மறுநாள் மீட்டிங்ல கண்ணு சொருகும்.

எல்லாத்த விட பெரிய குறை, இது கதைய கண்டுபிடிச்சுக் குடுக்கும், புத்தகத்த குடுக்காது. நான் தேடினது 332 இல்லையே, அந்த அட்டை இல்லாத புக்கு, அந்தப் படம், யாரு வரைஞ்சா, யாரு தமிழ்ல எழுதினா. அது இன்னும் கிடைக்கல. கதை கிடைச்சா புக்கும் கிடைச்ச மாதிரி தான்னு நெனச்சேன், அது வேற வேட்டை, அதுக்கு பழைய பதிப்பாளர் பட்டியல், ஸ்கேன் ஆகி இருக்குற புக்குன்னு வேற வழில போகணும். அதனால 5க்கு 4. ஃபோக்டெக்ஸ்ட்ஸுக்கு மட்டும் தனியா 5.

முடிக்கலாம்னு தான் பாத்தேன், அதுக்குள்ள முடிவு விஷயம் ஒண்ணு இருக்கு.

கிரிம் சகோதரர்கள் அந்தத் தொகுப்ப 1812ல ஆரம்பிச்சு 1857 வரைக்கும் ஏழு தடவ போட்டாங்க, ஒவ்வொரு தடவையும் அவங்கள்ல தம்பி வில்ஹெல்ம் கைய வச்சு மாத்திக்கிட்டே இருந்தாரு. கடைசி பதிப்புல வைத்தியன் கெஞ்சுறான், எனக்கு புது மெழுகுவத்தி ஏத்திக் குடுன்னு. மரணம் ஏத்துற மாதிரியே பெருசா ஒண்ண எடுக்குது, எடுக்கும்போது வேணும்னே கை தவறின மாதிரி பண்ணுது, குட்டை மெழுகுவத்தி கீழ விழுந்து அணையுது, ஆளு அங்கயே சரிஞ்சுடுறான். ஆனா 1812 முதல் பதிப்புல இது எதுவும் இல்ல. இது தான் உன்னோடது, ஜாக்கிரதைங்குற அளவுல கதை நின்னுடுது! 2014ல ஜாக் ஸைப்ஸ் முதல் பதிப்ப முழுசா இங்கிலீஷ்ல கொண்டு வந்திருக்காரு, அதுலயும் பாக்கலாம்.

நான் குதிச்சேன். என் ஞாபகத்துல இருந்த முடிவு! பக்கம் கிழியவே இல்ல, நம்ம வீட்டு புக்கு முதல் பதிப்பு வழியா வந்திருக்கு, எவ்வளவு அபூர்வம், 45 வருஷத்துல வில்ஹெல்ம் ஒட்ட வச்சத தாண்டி எனக்கு ஒரிஜினல் கிடைச்சிருக்குன்னு அக்காவுக்கு போன் போட்டு இருபது நிமிஷம் விடாம பேசினேன், ஆர்னே, தாம்சன், கே557, எல்லாம். கே மட்டும் ஏமாத்து வேலைக்குன்னு தனி எழுத்துன்னு கூட சொன்னேன்.

அக்கா பொறுமையா கேட்டுட்டு, "டேய், உனக்கு அப்ப எழுத்துக் கூட்டிப் படிக்கவே வராது. நான் தான் உனக்கு வாசிச்சேன்"னா.

இல்ல எனக்கு பக்கமே ஞாபகம் இருக்கு, படம் ஞாபகம் இருக்குங்குறேன்.

"படம் இருந்துச்சா என்ன? தெரியல. கடைசில விளக்கு விழுந்து அந்தாளு செத்துருவான்டா. நீ இது தான் உன்னோடதுன்ன இடத்துலயே உதட்ட பிதுக்கிட்ட. அழுதா அம்மா எந்திரிச்சு வந்து என்ன திட்டுவாங்கன்னு அதோட புக்க மூடிட்டேன். நீ முடிஞ்சுதான்னு கேட்ட, முடிஞ்சுது படுன்னேன்."

நான் ஒண்ணும் பேசல கொஞ்ச நேரம். 1812 பூரா கையிலேர்ந்து நழுவிப் போயிட்டு இருந்துச்சு.

"அப்ப புக்கு பேரு என்ன?"

"அது எப்படிடா ஞாபகம் இருக்கும். அந்த ஏமாத்து வேலை எழுத்து என்ன சொன்ன, கேவா? அதுல என்னையும் போட்டுக்கோ"ன்னுட்டு போன வச்சுட்டா.